மூன்றாவது கேள்வி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஐ.ஐ.எம்.மில் சேரலாம் என்பது கோயம்புத்தூரில் பல வீடுகளுக்கு இன்னும் புதுச் செய்திதான். இந்தூர் ஐ.ஐ.எம். 2011-லேயே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பைத் தொடங்கிவிட்டது. சுருக்கமாக ஐ.பி.எம். முதல் மூன்று ஆண்டுகள் கணிதம், புள்ளியியல், பொருளாதாரம், சமூகவியல், ஒரு வெளிநாட்டு மொழி என்று போகும். கடைசி இரண்டு ஆண்டுகள், கேட் (CAT) எழுதி வந்த அண்ணன் அக்காக்களோடு ஒரே வகுப்பில் எம்.பி.ஏ. பிறகு 2019-இல் ரோத்தக் வந்தது, 2021-இல் ஜம்முவும் புத்தகயாவும் வந்தன. இடங்கள் சில நூறு. கேட்பவர்களோ பல ஆயிரம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது செய்வது, இந்தப் படிப்புக்கான நேர்காணலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலை. கணக்கையும் ஆங்கிலத்தையும் கோச்சிங் சென்டர்கள் பார்த்துக்கொள்கின்றன. என் வீட்டு முன்னறையில் நடப்பது பேச்சு மட்டும்.

வருகிற பெற்றோர் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அத்தனை பேருல என் பொண்ணு தனியாத் தெரியணுங்க மிஸ். அதுக்கு என்ன பண்ணோணும்?"

நான் முதலில் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. மார்க் எடுக்க வேண்டும். நேர்காணலுக்குக் கூப்பிட்டால்தானே தனியாகத் தெரிய! இந்தூர் தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். ஒரு பகுதி முடிந்தால் முடிந்ததுதான், திரும்பி வர முடியாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் சரிக்கு நான்கு மார்க், தப்புக்கு ஒரு மார்க் கழிவு. இன்னொரு கணக்குப் பகுதியில் கழிவு கிடையாது, ஆனால் தேர்ந்தெடுக்க விடைகளும் கிடையாது. கணக்குப் போட்டு எண்ணைக் கண்டுபிடித்து நாமே எழுத வேண்டும். மொத்தத்தில் நல்ல மார்க் எடுத்தும் ஒரே ஒரு பகுதியின் கட்-ஆஃபில் விழுந்த பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெரும்பாலும் அந்த விடை எழுதும் கணக்கில்தான் விழுகிறார்கள். எங்கள் பக்கத்து வணிகவியல் பிள்ளைகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் உள்ள குரூப் எடுத்து, பத்தாம் வகுப்போடு கணக்கைக் கைகழுவியவர்கள். மடக்கையும் வரிசை மாற்றமும் அவர்களுக்குப் புதுசு. வணிகக் கணிதம் உள்ள குரூப் எடுத்தவர்களுக்குப் பாதித் தூரம் குறைகிறது. ஆகவே தனியாகத் தெரிவது பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்பேன். பன்னிரண்டாம் வகுப்பு ஜனவரியில் என்னிடம் வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. ஆனாலும் தம்பி தங்கை இருந்தால் உதவுமே என்று சொல்லிவைக்கிறேன்.

ஜம்முவுக்கும் புத்தகயாவுக்கும் சேர்த்து நடக்கும் ஜிப்மேட் தேர்வில் நேர்காணலே இல்லை. அங்கே மார்க்தான் பேசும். இந்தூரில் நேர்காணலின் பங்கு தோராயமாக மூன்றில் ஒன்று. என் வேலை அந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கியது.

அடுத்ததாகப் பெற்றோர் பையைத் திறந்து ஃபைலை எடுப்பார்கள். பிளாஸ்டிக் உறைகளில் சான்றிதழ்கள். பணம் கட்டியவர்களுக்கெல்லாம் பதக்கம் தரும் 'சர்வதேச' ஒலிம்பியாட், வார இறுதியில் முடிந்த ஆன்லைன் தலைமைப் பண்புப் பயிற்சி, மாமா கம்பெனியில் செய்த இன்டர்ன்ஷிப். பதினாறு வயதில் தொண்டு நிறுவனம் தொடங்கியவர்களும் உண்டு. அதன் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஒரே அபார்ட்மென்ட்டில் இருப்பார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சேர்த்துக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். ஃபைலை வாங்கி அலமாரி மேல் வைத்துவிடுவேன். போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள் என்பேன்.

நேர்காணல் அறையில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேராசிரியர்கள் இருப்பார்கள். நேரம் பத்து நிமிடம், அதிகம் போனால் இருபது. காலையிலிருந்து 'டீம் ஒர்க்', 'லீடர்ஷிப்' என்று கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். பிள்ளை சொன்ன ஏதோ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். அதிலிருந்து பிறக்கும் இரண்டாவதற்கு, பயிற்சிக்குப் போனவர்கள் சொல்வார்கள். மூன்றாவது கேள்விக்குத் தயார் செய்ய முடியாது. அந்த விஷயத்தோடு கொஞ்ச காலம் வாழ்ந்தவர்களால் மட்டும்தான் அதற்கு வாய் திறக்க முடியும். நான் இத்தனை காலம் இந்த அறையில் செய்துவந்ததெல்லாம், ஒரு பிள்ளை எதைப் பற்றிப் பேசினால் மூன்றாவது கேள்வியைத் தாண்டுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான்.

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கோவையில் விடுதியில் தங்கிப் படித்தவன். ஆர்வம் என்ன என்று கேட்டதும் பங்குச் சந்தை என்றான். வாரன் பஃபெட், போர்ட்ஃபோலியோ, பி.இ. விகிதம் எல்லாம் கடகடவென்று வந்தன.

"எந்தக் கம்பெனி ஷேர் வெச்சிருக்கே கண்ணு?"

"என் பேர்ல இல்லீங்க மிஸ், அப்பா டீமேட்லங்க."

"அப்பா எதை வாங்கினார்? ஏன் அதை வாங்கினார்?"

விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. சரி, வீட்டில் என்ன தொழில் என்றேன். "லேயர் பண்ணைங்க மிஸ்" என்றான், குரல் பாதியாகிவிட்டது. கோழிப்பண்ணை என்பது ஐ.ஐ.எம்.முக்குப் போகிறவன் வெளியே சொல்லிக்கொள்கிற சங்கதி இல்லை என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முட்டை இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று சும்மாதான் கேட்டேன்.

"எந்த விலைங்க மிஸ்? என்.இ.சி.சி. விலையா, கைக்கு வர்ற விலையா?"

அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் வந்தது, அது விலையை அறிவிக்கும். வியாபாரி அதில் 'மைனஸ்' கழித்துக்கொண்டுதான் எடுப்பார் என்றான். மைனஸ் எப்போது கூடும் என்றேன். "புரட்டாசியிலங்க. ஊரே கவுச்சி சாப்பிடாது. அப்புறம் கார்த்திகையில சபரிமலைக்கு மாலை போட்டுக்குவாங்க. ஆனா கோழிக்குப் புரட்டாசி தெரியாதுங்களே மிஸ், அது தினமும் முட்டை போட்டுட்டேதான் இருக்கும்." அப்படியானால் அப்பா என்ன செய்வார்? இது மூன்றாவது கேள்வி. முட்டையை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, தீவனத்தையும் நிறுத்த முடியாது, செலவில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும்தான். ஆகவே வயதான கோழிகளைக் கொஞ்சம் முன்னதாகவே கறிக்கு விற்றுவிடுவார் என்றான். எழுபது வாரத்துக்கு மேல் முட்டை குறையும். ஒரு நாள் தீவனக் காசுக்கு அன்றைய முட்டைக் காசு ஈடாகிறதா என்று நோட்டில் போட்டுப் பார்ப்பார். ஆகவில்லையென்றால் லோடு ஏற்றிவிடுவார். அந்த நோட்டை எழுதுவது இவன்தான். இந்தக் கணக்குக்குப் பொருளியலில் ஒரு பெயர் இருக்கிறது. அதை நான் கடைசி வாரம் வரைக்கும் அவனிடம் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் கோழியை விட்டுவிட்டு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

இந்த மாதிரி நாலு பிள்ளைகளுக்கு இடம் கிடைத்ததும் வேறொரு தொல்லை ஆரம்பமானது. அப்பா தொழிலைச் சொன்னால் சீட்டு கிடைக்கும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் தன் அப்பா பட்ட கஷ்டத்தை மனப்பாடமாகச் சொன்னாள். பவர் டேபிள் தையல் இயந்திரங்கள் போட்டு நடத்தும் சின்ன யூனிட். கடன், ராத்திரி வேலை, கண்ணீர். கேட்கிற யாருக்கும் மனசு இளகும். முடித்ததும் கேட்டேன், "சரிம்மா, இதுல நீ எங்க இருக்கே?" பேராசிரியர்கள் அப்பாவுக்கு சீட்டு தரப் போவதில்லை. பெற்றோரின் பாட்டைச் சொல்லி இடம் கேட்பது எனக்குக் கொஞ்சம் கூசும். அதைச் சொல்லத்தான் வேண்டுமானால் ஒரு வாக்கியம் போதும்.

அவள் இருந்த இடம் வேறு. லீவு நாட்களில் டைலர்களுக்குப் பீஸ் ரேட் கணக்குப் போட்டவள். 2022 மே மாதம் பஞ்சு விலை கேண்டிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. 356 கிலோ கொண்டது ஒரு கேண்டி. நூல் விலை ஏறி, திருப்பூரே கொதித்துக் கிடந்த சமயம். உங்கள் அப்பா ஏன் ரேட்டை ஏற்றவில்லை என்றேன். "துணி எங்களுது இல்லீங்க மிஸ், எக்ஸ்போர்ட்டர்துங்க. நாங்க ஜாப் ஒர்க். நூல் விலை எங்களுக்கு நூல் விலையா வராதுங்க, ஆர்டர் கொறையறதுலதான் வரும்." அன்றைக்கு பீஸ் ரேட் நோட்டில் பக்கங்கள் எப்படி இளைத்துக்கொண்டே போயின என்று அவள் சொன்னது, அதற்கு முன் சொன்ன கண்ணீர்க் கதையைவிட எத்தனையோ மேல்.

அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சரியா? பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்துச் சங்கதி, வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். வந்து, "தொழிலும் வேணும், சுற்றுச்சூழலும் வேணும், ரெண்டுக்கும் ஒரு பேலன்ஸ் வேணுங்க மிஸ்" என்றாள். என் முன்னறையில் தடை செய்யப்பட்ட பதில் ஒன்று உண்டென்றால் அது இந்த பேலன்ஸ்தான். அதைச் சொல்கிறவர் எதையும் யோசிக்கவில்லை என்று பொருள். ஒரு பக்கம் நில், அடி விழுந்தால் வாங்கிக்கொள் என்றேன். அவள் அம்மா வழி ஊர் நொய்யல் ஆற்றின் கீழே, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். சாயத் தண்ணீர் தேங்கித் தேங்கி நிலம் பாழான பகுதி அது. அப்பா வீட்டில் ஒரு நியாயம், அம்மா வீட்டில் எதிர் நியாயம். கடைசியில் அவள் மூடியது சரி என்ற பக்கம் நின்றாள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைச் சின்னப் பட்டறைக்காரன் தலையில் கட்டிவிட்டு, வெளிநாட்டில் பனியனை வாங்குகிறவன் பழைய விலைக்கே வாங்கினால் அது என்ன நியாயம் என்று என்னையே மடக்கினாள். நான் விடாமல் எதிர்வாதம் செய்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், அதில் தகவல் இருந்தது.

சொந்தத் தொழில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். அரசுப் பேருந்து நடத்துநரின் மகள் ஒருத்தி, "எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லீங்க மிஸ்" என்று தொடங்கினாள். வீட்டில் நீ செய்கிற வேலை எது என்று துருவியதில், இரண்டு மாதத்துக்கொருமுறை கரண்ட் பில் கட்டுவது அவள் பொறுப்பு என்று தெரிந்தது. ஒருமுறை 500 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டியதற்குப் பில் எகிறியதைப் பார்த்து, ஏன் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நம் மின்வாரியத்தின் அப்போதைய கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 101-லிருந்து 200 வரைக்கும் ஒரு சலுகை விலை. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விலை போய்விடும், பழைய யூனிட்டுகளும் கூடுதல் விலைக்கு மாறிவிடும். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை இருநூறு ரூபாய்க்கு மேல். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் மாதம் பிறந்தால் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிரைண்டர் போடுவார்களாம். வாரியத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். படி வைக்காமல் சரிவாக வைப்பேன் என்றாள், தாளில் கோடு போட்டும் காட்டினாள். அப்படி வைத்தால் வாரியத்துக்கு வரும் வருமானம் குறையுமே, யாரிடமிருந்து எடுப்பாய் என்று அடுத்ததைப் போட்டேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். பதில் அரைகுறைதான், ஆனால் அது அவள் சொந்த அரைகுறை.

'ஏன் மேலாண்மை? பதினேழு வயதில் உனக்கு என்ன தெரியும்?' என்ற கேள்வி எப்படியும் வரும். சி.இ.ஓ. ஆக வேண்டும் என்ற பதிலுக்குப் பேராசிரியர்கள் சிரித்துவிடுவார்கள். அம்மா அப்பா மனதில் இருக்கும் உண்மையான பதில் பிளேஸ்மென்ட். அதையும் அங்கே சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த பதில், முதல் மூன்று ஆண்டுப் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, இன்ன பாடம் இன்ன காரணத்துக்காக வேண்டும் என்று சொல்வது. இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. ஐந்து வருடம் படிக்கப்போகும் பாடங்களின் பெயர் தெரியாமலேயே போய் நிற்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றிப் பெற்றோர் படும் கவலையில் பாதிதான் நியாயமானது. வேகமாகப் பேச வேண்டியதில்லை. மெதுவாக, முழு வாக்கியமாக, முடித்துவிட்டு நிறுத்தத் தெரிந்தால் போதும். எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டம் வேறு இடத்தில்: பெரியவர்கள் சொன்னதை மறுத்துப் பேச நாக்கு எழாது. பேராசிரியர் வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார். "யெஸ் சார்" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். அதற்காகவே நான் மாதிரி நேர்காணலில் தப்புத் தப்பாகப் பேசுவேன். மறுக்கிற பிள்ளைக்கு அன்று காபியோடு முறுக்கும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் இதே பயிற்சிதான். ஆனால் "தெரியாதுங்க சார்" என்று மட்டும் நின்றால் போதாது, தெரிந்த எல்லை எதுவரை என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதை எல்லோரும் செய்தியில் பார்த்தார்கள். அதை யார் கட்டுகிறார்கள், இங்கே அனுப்புகிறவரா அங்கே இறக்குகிறவரா என்று கேட்டால் பாதிப் பேர் தடுமாறினார்கள். தெரியாமல் அளந்துவிட்ட பிள்ளையைவிட, "சட்டப்படி இறக்குமதியாளர் கட்டுகிறார், சுமை கடைசியில் யார் மேல் விழும் என்பது எனக்குத் தெரியவில்லை" என்றவளுக்கே நான் அதிக மார்க் போட்டேன்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் எப்போதாவது வருவதுண்டு. அவர்கள் கண் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேல். 1881-இல் தொடங்கியது, அமெரிக்க வணிகக் கல்லூரிகளில் மூத்தது என்று பெயர். அமெரிக்கப் பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளை எழுத இடம் உண்டு, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான். கட்டுரைக்கு 650 சொற்கள். பத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் தவிப்பார்கள். நான்கு போதும் என்பேன். அங்கே பெரும்பாலும் எதிரில் ஆள் உட்கார்ந்து மூன்றாவது கேள்வியைக் கேட்கப் போவதில்லை. அதனால் அந்தக் கேள்வியைப் பிள்ளை தானே கேட்டுக்கொண்டு கட்டுரைக்குள் பதில் எழுதிவிட வேண்டியிருக்கிறது. அந்த வேலை இதைவிடக் கடினம், செலவும் அதிகம்.

இவ்வளவும் பேசியபின் சிலர் சறுக்குவது ஒரு காகிதத்தில். நம் ஊரில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கி வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவையில் விண்ணப்பித்து, தாசில்தார் கையெழுத்தோடு வர நாள் ஆகும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை, அதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வருடம் மாறினால் பழையதை ஏற்க மாட்டார்கள். இதை முதல் நாளே எழுதி அப்பாக்களின் சட்டைப் பையில் வைத்துவிடுகிறேன்.

பண்ணைக்காரப் பையனுக்கு இந்தூரில் இடம் கிடைத்தது. நேர்காணலில் முட்டையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதானாம். மீதி நேரம் முழுக்க நிகழ்தகவுக் கணக்கு. திருப்பூர்ப் பெண் இந்தூரில் அந்த விடை எழுதும் கணக்கில் கட்-ஆஃபுக்குக் கீழே போய்விட்டாள். ஜிப்மேட் எழுதி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஜம்முவில் சேர்ந்தாள். சாயப்பட்டறை வாதம் முழுவதையும் கேட்டது நான் ஒருத்திதான். நடத்துநர் மகள் காத்திருப்போர் பட்டியலோடு நின்று, இங்கேயே பி.காம். சேர்ந்து, சி.ஏ. படித்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் பல்லடத்திலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். "மிஸ், நாமக்கல் பையன் ஒருத்தன் கோழிப்பண்ணை பத்திப் பேசி உள்ள போயிட்டானாமே. எங்களுக்குப் பண்ணை இல்லீங்க. நான் எல்.ஐ.சி.யில வேலை பாக்கறேன். பையன் இப்பத்தான் பதினொண்ணு. ஒரு சின்னப் பண்ணையை வருசத்துக்கு லீசுக்கு எடுத்துக் குடுத்தா சரியா இருக்குங்களா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். இல்லை, வாடகை எவ்வளவு என்று விசாரித்தே வைத்திருந்தார்.

"பண்ணையெல்லாம் வேண்டாமுங்க. பையன் எந்த குரூப் எடுத்திருக்கானுங்க?"

"காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸுங்க மிஸ்."

"ஸ்கூல்ல இன்னும் குரூப் மாத்த விடறாங்களான்னு நாளைக்கே போய்க் கேளுங்க. வணிகக் கணிதம் இருக்கற குரூப். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

லீசு பற்றி அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்பது குரலில் தெரிந்தது. மறுநாள் பள்ளிக்குப் போனார். மாற்ற முடிந்தது.